எனக்கும் கிறிஸ்மஸ் உண்டு

முந்திரிக்கொத்துக்கு உருண்டை பிடித்துக்கொண்டே இதை எழுதுகிறேன். வறுத்துத் திரித்த சிறுபயறு மாவில் வெல்லப்பாகு ஊற்றியாயிற்று. சூடு ஆறுவதற்குள் உருட்டிவிட வேண்டும், ஆறினால் உதிர்ந்துபோகும். பத்து உருண்டை பிடித்ததும் கையைத் துடைத்துவிட்டு இரண்டு வரி எழுதுவேன். தாளில் அங்கங்கே பாகு ஒட்டியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பரிசுப் பொட்டலம் கட்டுவது என்பது, உள்ளே இருப்பது வெளியே தெரியாதபடி மறைப்பதற்குச் சம்பளம் வாங்குகிற வேலை. அமெரிக்காவில் சுகர் லேண்டு என்கிற ஊரில் ஒரு பெரிய கடையின் பின்கோடியில் அதற்கென்று ஒரு கவுண்டர் உண்டு. மூன்று டிசம்பராக அங்கேதான் நிற்கிறேன். கடையில் நின்று வேலை பார்க்கிற அக்கா தங்கச்சிமார் இதை வாசித்தால், கால்வலியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பயத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அதுவும் உங்களுக்குத் தெரிந்ததாகத்தான் இருக்கும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஊரிலேயே நாலு பேர் கூடியிருந்தால் ஓரமாகப் போய் நிற்கிறவள். இங்கே இங்கிலீஷ் என் காதில் விழுந்து அர்த்தமாவதற்குள் எதிரே நிற்பவர் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்.

இதில் எழுதியிருப்பது எல்லாம் முதல் டிசம்பரில் நடந்தது. தொண்ணூற்றெட்டு. கிரீன் கார்டு வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. மகள் பிளெஸ்ஸிக்கு ஐந்து வயது. எங்கள் தமிழ்ச் சபை ஒரு அமெரிக்கச் சபையின் பின் ஹாலை வாடகைக்கு வாங்கி ஞாயிறு மூன்று மணிக்குக் கூடும். இருபத்து நான்காம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிறிஸ்மஸ் நிகழ்ச்சி. அதில் பிளெஸ்ஸிதான் மரியாள். எனக்கோ அன்றைக்கு ஏழு மணி வரை வேலை போட்டிருந்தார்கள். அந்த மாதத்து ஞாயிறு ஒன்றுகூட விடாமல் வேலை. மேனேஜர் டார்லீனிடம் போய், அந்த ஒரு சாயங்காலம் மட்டும் என்னை விடுங்கள் என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். அந்த மாதம் முழுவதும் எனக்குச் சோறு இறங்காமல் இருந்ததற்கு இதுதான் காரணம்.

சொல்லக்கூடாத வாழ்த்து

வேலைக்குச் சேருவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் செல்வின் என்னை வாடிக்கையாளர் மாதிரி எதிரே நிற்கவைத்து, “மெர்ரி கிறிஸ்மஸ்” சொல்லப் பழக்கினார். இருபது தடவையாவது சொல்லியிருப்பேன். முதல் நாள் டார்லீன் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, எல்லா மதத்தவரும் வருகிற கடை, அதனால் நாமாக “மெர்ரி கிறிஸ்மஸ்” சொல்லக்கூடாது, “ஹேப்பி ஹாலிடேஸ்” மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். பழகினது ஒன்று, சொல்ல வேண்டியது ஒன்று. வாயைத் திறந்தால் எது வருமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டே ரிப்பன் வெட்டினேன்.

மத்தியானம் ஒரு வயதான அம்மாள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்து, “மெர்ரி கிறிஸ்மஸ்” என்றார். நாமாகச் சொல்லக்கூடாது சரி, அவர்கள் சொன்னால் பதில் சொல்லலாமா? அதை டார்லீன் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் ஸ்தோத்திரம் சொல்லி நாம் திரும்பச் சொல்லாவிட்டால் அது மரியாதைக் குறைவு மட்டும் இல்லை, இயேசுவையே மறுதலித்த மாதிரி. முப்பது தலைக்கட்டுச் சபையில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை வீட்டில் பிறந்தவள், ஊமைபோல் நின்றேன். அந்த அம்மாள் என் நிறத்தைப் பார்த்தார், என் காதுத் தோட்டைப் பார்த்தார். என் கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்:

“பரவாயில்ல கண்ணு. உங்க ஆளுகளுக்கு வேற பண்டிகை இருக்கும்ல.”

(அவர்கள் இங்கிலீஷில் சொன்னதை எல்லாம் எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.)

தலைவலி மாத்திரை

சாப்பிடுகிற அறையில் டப்பாவைத் திறந்ததும் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவேன். சின்னதிலிருந்து வந்த பழக்கம். மூன்றாம் நாள் யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். விழித்துப் பார்த்தால் காலணிப் பிரிவில் வேலை பார்க்கிற பெண், முகமெல்லாம் கவலையாக நிற்கிறாள். ஜெபம் பண்ணினேன் என்று சொல்ல இங்கிலீஷ் தெரியும். ஆனால் சொன்னால் அது கடைச் சட்டத்துக்கு விரோதமாகிவிடுமோ என்று பயந்து தலையை மட்டும் ஆட்டினேன். அன்றிலிருந்து கண்ணைத் திறந்துவைத்து, எதிரே இருந்த மைக்ரோவேவையும் அதற்கு மேலே சுவரில் குத்தியிருந்த ஒரு தாளையும் பார்த்தபடியே ஜெபம் பண்ணினேன். லீவு கேட்க எனக்குத் தைரியம் தாரும் ஆண்டவரே என்பதுதான் தினமும் ஜெபம். அந்தப் பெண் அன்று சொன்னது:

“தலைவலியா? ஆட்டாத. என் பையில மாத்திரை இருக்கு, ரெண்டு போட்டுக்க.”

மேனேஜர் இருக்கிறாரா

கவுண்டரில் வேலை பார்க்கிற நமக்கெல்லாம் ஒரு கேள்வி கேட்டால் ரத்தம் உறைந்துபோகும். மேனேஜரைக் கூப்பிடு என்று வாடிக்கையாளர் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒரு நாள் தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் பெரிய அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். எனக்கு ‘மேனேஜர்’ என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. நேற்றுக் கட்டின பொட்டலம் மாறிப்போயிற்றா? விலைச் சீட்டைக் கிழிக்காமல் கட்டிவிட்டேனா? வேலை போனால் அது கிரீன் கார்டில் ஏறுமா? பக்கத்தில் நிற்கிற ரோசா, என்னோடு பொட்டலம் கட்டுகிற மெக்ஸிகோக்காரி, அப்போது ரிப்பன் எடுக்க உள்ளே போயிருந்தாள். நான் ஓடிப்போய் டார்லீனைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

டார்லீன் வந்து, என்ன குறை சொல்லுங்கள் என்றார். பெரியவர் முழித்தார். பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே மரியாள், யோசேப்பு, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று சாஸ்திரிகள், ஒரு கழுதை, இரண்டு ஆடு, பஞ்சில் பொதிந்த ஒரு குழந்தை. குழந்தையைப் படுக்கவைக்கத்தான் ஒன்றும் இல்லை. அவர் கேட்டது மேனேஜரை இல்லை, ‘மேஞ்சர்’. அதாவது முன்னணை, மாட்டுக்குத் தீவனம் போடுகிற தொட்டி. பிறந்ததிலிருந்து பாட்டிலும் பிரசங்கத்திலும் முன்னணை முன்னணை என்று கேட்டு வளர்ந்திருக்கிறேன். அதற்கு இங்கிலீஷில் இப்படி ஒரு பெயர் இருக்கிறது என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. பெட்டியை மெதுவாகக் கவிழ்த்துத் தட்டினேன். வெள்ளைத் தக்கைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்ன முன்னணை, வைக்கோலோடு கவுண்டரில் விழுந்தது. பெரியவர் சிரித்துவிட்டார். டார்லீன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்:

“பதினெட்டு வருஷமா மேனேஜரா இருக்கேன். இதுவரைக்கும் ஒரு குழந்தையைக்கூட என் மேல யாரும் படுக்க வச்சதில்ல.”

யார் பிறந்தநாள்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வேலை முடிகிற நேரத்துக்குச் செல்வின் பிளெஸ்ஸியையும் கூட்டிக்கொண்டு வருவார். கடைக்கு வெளியே சாண்டா நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் வரிசையில் நிற்கும். ஊரில் கிறிஸ்மஸ் தாத்தா என்றால் வீடு வீடாகப் பாடிப் போகிற கீதபவனியில் ஆடிக்கொண்டு வருகிற வாலிபன் யாராவதுதான், முகமூடிக்குள்ளே யார் என்று பிள்ளைகளுக்கே தெரியும். இங்கே பிளெஸ்ஸிக்கு அப்படி இல்லை. பள்ளிக்கூடத்தில் பஞ்சு ஒட்டித் தாடி செய்திருந்தாள், அவருக்குக் கடிதம் எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு நான் கூடப் போய் உட்கார்ந்திருந்தால் அங்கே சொல்லிக் கொடுத்த பாடத்தைத் திருப்பிக் கேட்டிருப்பேன். நான்தான் ஞாயிறு முழுக்க ரிப்பன் சுருட்டிக்கொண்டிருந்தேனே.

ஒரு நாள் நான் கடைசிப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டிருக்கையில், அவள் கவுண்டரில் தாடையை வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள். எப்போதும்போல இங்கிலீஷில்தான். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. மேனேஜர் மேல் இருந்த பயம் ஒரு மாதிரி, இது வேறு மாதிரி. இருபத்து நாலாம் தேதி அம்மா வராமல், மேடையில் ஒரு பொம்மையைக் கையில் கொடுத்து இறக்கிவிட்டால் இவளுக்கு என்ன புரியும்? அவள் கேட்டது இதுதான்:

“அம்மா, சாண்டாவோட பர்த்டேக்கு ஜீசஸும் வருவாரா?”

ரெஸ்பெக்டட் மேடம்

“எதுக்குட்டி பயப்படுத? கேட்டா கடிச்சா வைப்பா?” என்றார் செல்வின். “நீங்க வந்து கேளுங்க” என்றேன். “உன் வேலைக்கு நான் லீவு கேட்டா சிரிப்பாவ” என்று சொல்லி, ஒரு சீட்டில் இங்கிலீஷைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். ‘ரெஸ்பெக்டட் மேடம், ஆஸ் மை டாட்டர் இஸ் மேரி, ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் தி ஷாப். கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்’ என்று போய், கீழே ‘யுவர்ஸ் ஒபீடியண்ட்லி’ என்று முடிந்தது. அதை மனப்பாடம் பண்ணி ஒப்பிக்க வேண்டும். ஏப்ரன் பையில் ஒன்பது நாள் அது கிடந்தது. டார்லீன் பக்கத்தில் வந்தால் என் கை தானாகப் பைக்குள் போகும், அவர் போனதும் வெளியே வரும்.

பத்தாம் நாள் ஒரு தமிழ் அம்மாள் ஆறு பெட்டிகளோடு வந்தார். பக்கத்து ஊரான பேர்லேண்டில் இருக்கிற கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருப்பார் போல, நெற்றியில் குங்குமம் கலையவில்லை. பசைநாடாவை எடுக்கும்போது சீட்டு கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்கிறவர் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் வாசித்துவிட்டார். “ஏம்மா, நீ தமிழா? என்ன இது, ஸ்கூல் லீவ் லெட்டரா? இந்த ரேஞ்சுல போனா கடைசியில உனக்குக் காய்ச்சல்னுதானே வரணும்” என்று சிரித்தார். எனக்குக் காது சுட்டது. விஷயத்தைச் சொன்னேன். “நான் வேணா அந்த லேடிகிட்ட பேசட்டுமா?” என்று அவர் திரும்பியதும், வேண்டாம் ஆன்ட்டி, வேண்டாம் என்று அவர் கையையே பிடித்துவிட்டேன். ஆறு பெட்டியையும் கட்டி வாங்கிக்கொண்டார். போகும்போது சொன்னார்:

“கிறிஸ்மஸுக்கு லீவு கேக்க கிறிஸ்டியனே இப்படிப் பயந்தா, நாங்க தீபாவளிக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டும்மா கேக்கறது?”

சுவரில் இருந்த தாள்

இருபத்திரண்டாம் தேதி. டார்லீன் சரக்கு அறையில் ரிப்பன் உருளைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே போய்க் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். “ரெஸ்பெக்டட் மேடம்” என்றேன். அதற்கு மேல் ஒன்றும் ஞாபகம் இல்லை. ஒன்பது நாள் மனப்பாடமும் போயே போய்விட்டது. அப்படியே திரும்பி ஓடியிருப்பேன். ஆனால் பிளெஸ்ஸியின் அந்தக் கேள்வி இருக்கிறதே. வாயில் வந்ததைச் சொன்னேன். “மை டாட்டர் மேரி. ஜீசஸ் பார்ன் ஃபைவ் ஓ கிளாக். ஐ மஸ்ட் கோ.”

டார்லீன் கையில் இருந்த உருளையைக் கீழே வைத்தார். “நீ கிறிஸ்டியனா?” என்றார். “எஸ்” என்றேன். அந்தக் கடைக்குள் அதை முதல் தடவையாகச் சத்தமாகச் சொல்கிறேன். எங்கள் தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து என்று சொல்ல ஆசைதான், இங்கிலீஷ் போதவில்லை. அவர் என்னைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மைக்ரோவேவுக்கு மேலே இருந்த தாளைக் காட்டினார். யாருக்குப் பண்டிகைக்கு எந்த நாள், எந்த நேரம் வேண்டும் என்று எழுதுவதற்காகத்தான் நவம்பரிலேயே குத்திவைத்ததாம். எல்லார் பெயருக்கும் நேரே ஏதாவது எழுதியிருந்தது. என் பெயருக்கு நேரே வெள்ளை. அதில் எழுதினால் கூடுதல் நேரம் வேலை தருவார்கள் என்று நினைத்து அதன் பக்கமே போகாமல் இருந்தேன். லீவு தாரும் ஆண்டவரே என்று ஒரு மாதம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டேதான் ஜெபம் பண்ணியிருக்கிறேன். டார்லீன் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சொன்னார்:

“நீ இதுல ஒண்ணுமே எழுதலையே. உனக்குக் கிறிஸ்மஸ் கிடையாதுன்னு நெனச்சிட்டேன்.”

ஏப்ரனோடு வந்தவள்

இப்போது மாற்று ஆள் கிடையாது, கவுண்டரில் இரண்டு பேரில் ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும், அதை நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று டார்லீன் சொல்லிவிட்டார். ரோசாவுக்கும் வீடு நிறையப் பிள்ளைகள். எப்படிக் கேட்பது என்று நான் ரிப்பனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டு, “எங்க வீட்ல நடுராத்திரி பூசைக்கு அப்புறம்தான் பண்டிகை. உன் இயேசு அஞ்சு மணிக்கே பிறக்கிறார்னா நீ முதல்ல போ” என்றாள். டார்லீன் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

இருபத்து நாலாம் தேதி வரிசை சாண்டா நாற்காலி வரைக்கும் நின்றது. நாலரைக்குக் கிளம்ப வேண்டியவள் நாலே முக்காலுக்குத்தான் நகர முடிந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என் முதுகையே பார்க்கிற மாதிரி இருந்தது. இருபத்தாறாம் தேதி வந்தால் வேலை இருக்குமா என்று ஒரு பயம். ஃப்ரீவேயில் ஏறினால் சிவப்பு விளக்காக நிற்கிறது. செல்வின் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே, “எட்டிரலாம், எட்டிரலாம்” என்கிறார். எனக்குச் சொல்கிறாரா தனக்குச் சொல்லிக்கொள்கிறாரா தெரியவில்லை. பிள்ளையை மத்தியானமே பாஸ்டரம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். அவள் மேடையில் அழுதுகொண்டு நிற்பதாகவே என் கண்ணுக்குத் தெரிந்தது. போய்ச் சேரும்போது ஐந்து இருபத்தைந்து.

ஹாலில் விளக்கை அணைத்து மேடையில் மட்டும் வெளிச்சம் வைத்திருந்தார்கள். அவசரத்தில் ஏப்ரனைக் கழற்றவில்லை. பையில் பசைநாடா உருளையும் இன்னொரு கத்தரிக்கோலும். இருட்டில் ஒரு நாற்காலியில் இடித்தேன், கத்தரிக்கோல் சிமெண்டுத் தரையில் விழுந்து அந்த ஹாலே அதிர்ந்தது. இருநூறு கண்ணும் என் பக்கம் திரும்பியது. எனக்கு வேறு எந்தப் பயமும் இவ்வளவு பெரிதாக வந்ததில்லை. மேடையில் பிளெஸ்ஸி அழவில்லை. நீலத் துப்பட்டாவைத் தலையில் போட்டு, வைக்கோல் பக்கத்தில் முழங்காலிட்டு, ஒரு கையைப் பொம்மை மேல் வைத்திருந்தாள். எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளை. மரியாளுக்கு வசனம் ஒன்றும் கிடையாது, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் உதட்டில் விரலை வைத்து, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“ஷ்ஷ். சத்தம் போடாதீங்கம்மா. இயேசப்பா இப்பதான் தூங்குனாரு.”

ஆக, இருபத்தாறாம் தேதி வேலை போகவில்லை, மூன்று டிசம்பரில் ரிப்பன் முடிச்சு கைக்கு வந்துவிட்டது, பயம் மட்டும் எங்கேயும் போகாமல் என்னோடேயே வேலைக்கு வருகிறது, ஆனாலும் நவம்பரில் தாளைக் குத்தினதும் என் பெயருக்கு நேரே முதல் ஆளாக நான்தான் எழுதுகிறேன், ஏனென்றால் நாம் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள்ளேயே பண்டிகை வைத்தால் நமக்குப் பண்டிகையே கிடையாது என்று ஊர் நினைத்துக்கொள்ளும், ஊர் நினைத்தால்கூடப் பரவாயில்லை, பெற்ற பிள்ளையும் அப்படி நினைத்துவிட்டால் அப்புறம் நாம் எந்த – பிளெஸ்ஸி கூப்பிடுகிறாள், வாசலில் யாரோ வெள்ளைக்காரர் நிற்கிறாராம், செல்வின் குளிக்கிறார், இந்த ஒட்டுகிற கையோடு நான்தான் போய் இங்கிலீஷில்